நடுவில் ஒரு பலகை

கந்தவேலின் பிக்கப் வண்டியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம் என்று அதைச் செய்த கம்பெனி எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. கம்பெனி கொடுத்தது இரண்டு சீட்டு. நடுவில் ஒரு சாண் பள்ளம், அதில் கியர் ராடும் ஹேண்ட் பிரேக்கும். ஆனால் கூக்கால் என்ற அந்த மலைக்கிராமத்தில் பஸ் என்பது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ஆதார் கார்டு திருத்தப் போகிறவர், படிக்கப் போகிறவர் எல்லோரும் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிற வண்டியில்தான் தொற்றிக்கொண்டாக வேண்டும். வழியில் கை காட்டினவரை விட்டுவிட்டுப் போகிற டிரைவரை அந்த மலையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கந்தவேல் ஒரு தைலமரப் பலகையை இழைத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் பொருத்தினான். மேலே சாக்குக்குள் பஞ்சு திணித்து ஒரு மெத்தையும் தைத்துப் போட்டான். அதில் முதலில் உட்கார்ந்தவள் அவன் தங்கை தேவசேனா. கொடைக்கானலில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள்.

அந்தப் பலகையில் ஒரே ஒரு சங்கடம். கியர் ராடு, நடுவில் இருப்பவரின் முழங்காலை ஒட்டி நிற்கும். இரண்டாவது கியர் போட்டால் ஓட்டுகிறவனின் கை முழங்காலில் இடிக்கும். இதனாலேயே மற்ற வண்டிகளில் பெண்கள் முன்னால் ஏறுவதில்லை. மழையோ மஞ்சோ, பின்னால் மூட்டை மேல் முக்காடு போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கந்தவேல் இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். கியர் மாற்றுவதற்கு முன்னால், நடுவில் இருப்பவரை முறை சொல்லி ஒரு சத்தம் கொடுப்பான். "தேவி!" என்பான், தங்கை முழங்காலை நகர்த்திக்கொள்வாள். "அத்தே!" "மதினி!" "சின்னம்மா!" கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டிய உறவு முறையெல்லாம் அந்த வண்டிக்குள் ஒலித்துவிடும். ஊர் சிரித்தது. ஆனால் ஊர்ப் பெண்கள் அவன் வண்டிக்குத்தான் காத்திருந்தார்கள்.

அந்தப் பலகையில் உட்கார்ந்து படிக்கப் போன தேவசேனாவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. சென்னைக்குத் தெற்கே ஒரு பெரிய வாகனக் கம்பெனியின் டிசைன் அலுவலகத்தில் வண்டியின் உள்பக்கத்தை வரைகிறாள். சீட்டு எங்கே, கியர் எங்கே, கை எட்டுமா, கால் இடிக்குமா என்பதெல்லாம் அவள் பாடு.

அந்தக் கம்பெனிக்கு உலகம் முழுக்க ஒரே சின்ன லோடு வண்டியை விற்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தலைமையகம் அமெரிக்காவில் இருந்தது, இன்னொரு டிசைன் கூடம் ஜெர்மனியில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் நடந்தது சாட்சாத் சம்பந்திச் சண்டை. அமெரிக்கக்காரர்களுக்கு வண்டி அகலமாக இருக்க வேண்டும், முகம் உயர்ந்து முறைக்க வேண்டும், உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சோபா மாதிரி ஒரே நீள சீட்டு வேண்டும். ஜெர்மனிக்காரர்களுக்கு வண்டி ஒடுக்கமாக, இறுக்கமாக இருக்க வேண்டும், திருப்பினால் சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும். உள்ளே தனித்தனியாக இரண்டு சீட்டு, நடுவில் சாமான் வைக்க ஒரு பெட்டி. சென்னை அலுவலகத்தையும் கலந்து ஆலோசித்தார்கள். குழம்புக்குக் கறிவேப்பிலை போடுவது போல.

தேவசேனா இரண்டு வருஷமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து நீட்டிக்கொண்டிருந்தாள். அகலம் ஜெர்மனி சொன்ன அகலம். சீட்டு அமெரிக்கா சொன்ன நீள சீட்டு, மூன்று பேருக்கு, மூன்று பெல்ட்டோடு. கியர் ராடு தரையிலிருந்து கிளம்பி, ஸ்டீயரிங் பக்கத்தில் டேஷ்போர்டுக்கு ஏறிவிடும். "எப்படியும் மூன்றாவது ஆள் ஏறத்தான் போகிறார். ஏறுகிறவருக்கு ஒரு பெல்ட்டாவது வேண்டாமா?" என்பது அவள் வாதம். அமெரிக்கா சீட்டைப் பாராட்டி அகலத்தை நிராகரித்தது. ஜெர்மனி அகலத்தைப் பாராட்டி சீட்டை நிராகரித்தது. இரண்டு பாதிப் பாராட்டையும் கூட்டினால் வந்தது முழுப் பூஜ்யம்.

ஜெர்மனிக் கூடத்தின் தலைவி ஊல்ரிக்கே நியாயமான மனுஷி, ஆனால் கறார். தேவசேனா காட்டிய, முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த போட்டோக்களைப் பார்த்து, "இது பழக்கமா, நீ போட்டோ எடுத்த அன்றைக்கு மட்டும் நடந்ததா? நேரில் பார்த்தால் நம்புகிறேன்" என்றாள். அமெரிக்கக் கூடத்திலிருந்து டேல் என்பவர் தானும் வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை கூக்காலில் பார்வை, அடுத்த திங்களன்று முடிவு. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு அகலத்தையும் சீட்டு வரிசையையும் யாரும் மாற்ற முடியாது. தேவசேனாவுக்கு இருந்த ஒரே சாட்சி அண்ணன் வண்டியில் இருந்த பலகை. அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை மதியம் அவள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மலையெல்லாம் மஞ்சு இறங்கிக் குளிர் நடுக்கியது. அண்ணன் மனைவி இந்து அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். பஸ் பிரயாண அலுப்பு தீரக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்த தேவசேனாவுக்குத் திக்கென்றது. வண்டி புதுசாக மின்னியது. சீட்டுகளுக்குச் சிவப்பில் புது உறை. கண்ணாடியில் முருகன் படத்துக்குச் செவ்வந்தி மாலை. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அண்ணே, பலகை எங்க?"

கந்தவேல் பெருமையாகச் சிரித்தான். "இப்பக் குளிச்சியே புள்ள, தண்ணி எப்பிடி இருந்துச்சு?"

"நல்ல சூடாத்தான்..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"வைரம் பாஞ்ச கட்டையில்ல! நின்னு எரிஞ்சுச்சு. அந்த அழுக்குச் சாக்கையும் அதோட போட்டுட்டேன். சக்கரத்துக்கு அண்டை குடுக்குற கல்லு ஒண்ணு கெடந்துச்சுல்ல, அதத் தூக்கி ஓடையில போட்டுட்டேன். இப்பப் பாரு, ஷோரூம்ல இருந்து எறங்குன மாதிரி இருக்கா இல்லையா?"

தேவசேனா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து வருஷமாக ஊரைச் சுமந்த பலகை, தன்னைப் படிக்க வைத்த பலகை, கடைசியில் தன் தலையிலேயே வெந்நீராக ஊற்றப்பட்டிருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அதக் காட்டத்தானேண்ணே அவங்களக் கூட்டிட்டு வாரேன்!"

"அதையா? ஏம் புள்ள, ஒனக்குக் கிறுக்கா? வெள்ளக்காரங்க வந்து பாத்துட்டு, 'இவ அண்ணன் வண்டியா இது, ஒட்டுப்பலகையும் ஓட்டைச் சாக்கும்'னு நெனச்சா ஒனக்குத்தான அசிங்கம்?"

இந்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நாலு நாளா காட்டுச் சோலியப் போட்டுட்டு இதத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு சொல்லு முன்னமே போன்ல சொல்லியிருக்கலாம்ல தேவி?"

சொல்லியிருக்கலாம்தான். எல்லாம் எப்போதும் போலவே இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள். விருந்தாளி வருகிறார் என்றால் அந்த ஊரில் எதுவுமே எப்போதும் போல இருக்காது என்பது மறந்துவிட்டது. விடிவதற்குள் புதுப் பலகை ஒன்றை அறுத்து மாட்டலாம். ஆனால் அது நாடகம். ஊல்ரிக்கேயின் கண்ணுக்குப் புது மரம் தெரியாமல் போகாது. அண்ணன் மீது கோபப்படவும் முடியவில்லை. சீட்டு உறையின் ஓரத்தை அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெள்ளனே விருந்தாளிகள் வந்தார்கள். ஊல்ரிக்கேவுக்கு ஐம்பது வயதிருக்கும், கட்டை முடி, பையில் டேப்பும் நோட்டும். டேல் ஆறடிக்கு மேல் ஓங்கிய மனிதர், சிரித்த முகம். அவருக்கென்று கம்பெனி கொடுத்திருந்த அகலமான பெரிய காரில் பின்னால் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே தண்ணீர், ஜூஸ், சாண்ட்விச். உறைகிற குளிரில் எதற்கு ஐஸ் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கார் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு வீட்டுச் சுவரை நான்கடி நீளத்துக்குச் சுரண்டிக்கொண்டு வந்தது. டேல் பதறிப்போய் இறங்கி மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இருக்கட்டுங்க. செவருதான, பூசிக்கிறலாம். நல்ல வண்டிங்க."

அன்று காலை முழுவதும் கேட்ட பதில் இதுதான். விருந்தாளியிடம் குறை சொல்வது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை. சொந்தக்காரன் கட்டிய வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏன்டா, கதவ இந்தப் பக்கம் வச்சுட்ட?" என்று கேட்பார்கள். வேற்று ஆள் வந்து, "ஐயா, உங்கள் கூரை ஒழுகுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் நல்லா இருக்குங்க" என்பார்கள், தலையில் சொட்டிக்கொண்டிருந்தாலும். ஊல்ரிக்கே, "இரண்டு சீட்டு போதுமா?" என்று கேட்டாள். "தாராளமாப் போதும்ங்க." டேல், "இன்னும் அகலமாக இருந்தால் நல்லதா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லதுங்க." இரண்டு பேரும் அவரவர் நோட்டில் திருப்தியாக எழுதிக்கொண்டார்கள். மொழிபெயர்த்துச் சொன்ன தேவசேனாவுக்கு நாக்கு வறண்டது.

கடைசியில் அண்ணனையே பிடித்து நிறுத்தினாள். "அண்ணே, முன்னால எத்தன பேரு ஏத்துவன்னு நீயே சொல்லு."

கந்தவேல் நிமிர்ந்து நின்றான். "ரெண்டு பேருதாங்க. மூணாவது ஆள ஏத்துனாப் போலீஸ்ல பிடிப்பாங்கள்ல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தங்கையின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஊல்ரிக்கே நோட்டை மூடினாள். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் தேவசேனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தேவசேனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் படத்துக்காகப் பொய் சொன்னவள் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்புறம் பூண்டு லோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டது. மலைப்பாதையில் வண்டி எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஊல்ரிக்கே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். டேல் தன் காரில் பின்னால் வந்தார். தேவசேனா மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ ஏன் பின்னால்? காரில் வரலாமே?" என்று ஊல்ரிக்கே திரும்பிக் கேட்டாள்.

"எங்கள் ஊர்ப் பெண்கள் வருகிற இடம் இதுதான்" என்றாள் தேவசேனா. கொஞ்சம் முறைப்பாகவே சொன்னாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் சாலையோரத்தில் கந்தவேலுக்குச் சின்னம்மா முறையாகும் குப்பம்மாள் நின்றிருந்தாள். வலது பாதத்தில் பெரிய கட்டு, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. பூண்டுக் காட்டில் மண்வெட்டி பட்டுத் தையல் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிரிக்க வேண்டிய நாள். அவள் கையை முழுசாகக்கூடத் தூக்கவில்லை. கந்தவேலின் கால் தன்னால் பிரேக்கை மிதித்துவிட்டது. மிதித்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவனுக்கு நினைவு வந்தது. அதற்குள் கதவு திறந்தாகிவிட்டது.

"தள்ளி ஒக்காரு தாயி" என்றாள் குப்பம்மாள், ஊல்ரிக்கேயிடம், வாழ்நாளெல்லாம் பழகியவளைப் போல.

மொழி புரியாவிட்டால் என்ன, இடுப்பால் இடித்த இடி புரிந்தது. ஊல்ரிக்கே நகர்ந்தாள். நகர்ந்த இடத்தில் சீட்டின் விளிம்பு பாதி, பள்ளம் பாதி, அடியில் ஹேண்ட் பிரேக். குப்பம்மாள் கட்டுப்போட்ட காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நடுவில் பார்த்தவள் திகைத்துப்போனாள்.

"ஏலே கந்தா, பலகை எங்கலே?"

"சும்மா இரு சின்னம்மா."

"என்னத்தச் சும்மா இரு? பலகைய எங்க போட்ட? இந்தப் பொம்பளப்புள்ள ராடு மேல ஒக்காந்துக்கிட்டு வருது!"

பின்கண்ணாடி திறந்திருந்ததால் தேவசேனாவுக்கு எல்லாம் கேட்டது. ஏற்றம் தொடங்கியது. முப்பது மூட்டைப் பூண்டோடு மூன்றாவது கியரில் வண்டி முக்கியது. இரண்டாவது போட்டாக வேண்டிய இடம் அது, கண்ணை மூடிக்கொண்டாலும் அவளுக்குத் தெரியும். கந்தவேல் கியர் ராடைப் பார்த்தான். அதை ஒட்டியிருந்த ஊல்ரிக்கேயின் முழங்காலைப் பார்த்தான். மறுபடி சாலையைப் பார்த்தான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது.

"அண்ணே, செகண்டு போடு!" தேவசேனா கண்ணாடியைத் தட்டினாள்.

"எப்பிடிப் புள்ள போடுவேன்!"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றதும் பின்னால் நழுவப் பார்த்தது. கந்தவேல் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்குக்குக் கையைக் கொண்டுபோனான். அது ஊல்ரிக்கேயின் அடியில் இருந்தது. கையைச் சுட்டுக்கொண்டவன் போல இழுத்துக்கொண்டான்.

"கல்லு! கல்லு வையி!" என்று குப்பம்மாள் கத்தினாள். கல் ஓடையில் இருந்தது.

தேவசேனா குதித்து இறங்கி ஓரத்தில் கல் தேடினாள். அதற்குள் பின்னால் காரை நிறுத்திவிட்டு டேல் ஓடி வந்தார், கையில் ஐஸ் பெட்டியோடு. ஒரு கணம்கூட யோசிக்காமல் அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தார். பெட்டி நொறுங்கி, ஜூஸ் சாலையில் ஓடி, வண்டி நின்றது. தேவசேனா ஒரு பாறைத் துண்டை உருட்டி வந்து சேர்த்து வைத்தாள். அகலம் வேண்டும் என்று அடம்பிடித்த மனிதர் மேல் அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது.

எல்லோரும் இறங்கினார்கள். ஊல்ரிக்கேயின் முகம் வெளுத்திருந்தது. "ஏன் அவர் கியர் மாற்றவில்லை?" என்று கேட்டாள்.

தேவசேனா அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னன்னு கூப்பிடுறது?" என்றான் மெதுவாக. "சத்தம் குடுக்காமப் போட்டா கை முழங்கால்ல படும். சத்தம் குடுக்கணும்னா முறை வேணும்ல? பேரச் சொல்லிக் கூப்பிட்டா மரியாதையா? மேடம்னு கூப்பிட்டாத் திரும்பி என் மொகத்தப் பாப்பாங்களே தவிர, முழங்காலு அங்கனதான கெடக்கும்?"

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் நொண்டிக்கொண்டே ஊல்ரிக்கேயின் முன்னால் வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"கேளு தாயி. வேற ஆளுக வண்டின்னா நாங்க முன்னால ஏற மாட்டோம். அவங்க கெட்டவங்கன்னு இல்ல. அந்த ராடு அங்கன இருக்கு, கை அங்கன வரும், ரெண்டு பேருக்கும் கூச்சம். மழையில நனைஞ்சாலும் மூட்டை மேலதான். போன வருசம் எங்க கொழுந்தன் மக பச்ச ஒடம்போட மூட்டை மேல ஒக்காந்து வந்து காய்ச்சல்ல விழுந்தா. இவன் வண்டியில மட்டுந்தான் பலகை. இவன் மட்டுந்தான் கூப்பிட்டுட்டுப் போடுவான்."

தேவசேனா ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தாள். ஊல்ரிக்கே ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கியர் அங்கே இல்லாவிட்டால்?"

"இல்லாட்டி நாங்க எதுக்குத் தாயி நனையிறோம்?" என்றாள் குப்பம்மாள்.

ஊல்ரிக்கே தேவசேனாவின் பக்கம் திரும்பினாள். அவள் முக்காடு சொட்டிக்கொண்டிருந்தது. "இரண்டு வருஷமாக நீ எனக்குக் காட்டியது அளவுகள். அதில் இது எங்கே இருந்தது?"

தேவசேனாவின் அளவுகளில் அது இருக்கவில்லைதான். பிளஸ் ஒன் படிக்கும்போது அண்ணன் வண்டி வராத ஒரு நாளில், வேறொரு வண்டியில் முழங்காலைச் சுருட்டிக்கொண்டு, துப்பட்டா ராடில் மாட்டிக்கொள்ள, ஒரு மணி நேரம் மூச்சை அடக்கி உட்கார்ந்து வந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடிச் சுவர் போட்ட அறையில், இங்கிலீஷில், அதை எப்படிச் சொல்வது? அசிங்கமாக இருக்காதா? அதனால் சதவீதமாகவும் மில்லிமீட்டராகவும் சொல்லி வந்தாள். அண்ணன் பலகையை எரித்தான் என்று அவனை நொந்துகொண்டாளே, அவள் செய்ததும் அதே வேலைதான். விருந்தாளிக்கு முன்னால் வீட்டைத் துடைத்து வைத்துவிட்டாள்.

"வெட்கமாக இருந்தது" என்றாள் கடைசியில். பிறகு அந்த ஒரு மணி நேரப் பிரயாணத்தைச் சொன்னாள். தூறலில் நின்றபடி, ஒன்று விடாமல் சொன்னாள். டேல் தன் நொறுங்கிய பெட்டியின் மூடியை அவள் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது ஊல்ரிக்கே காரில் ஏறுவாள் என்று கந்தவேல் எதிர்பார்த்தான். அவள் நடுவிலேயே ஏறினாள். பள்ளத்தில் தன் பையை வைத்து அதன் மேல் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் எங்கே என்று கேட்டு அதை விட்டு விலகிக்கொண்டாள்.

"அக்கான்னு கூப்பிடுலே. பாத்தா ஒனக்கு மூத்தவளாத்தான் தெரியுது" என்று குப்பம்மாள் முடித்து வைத்தாள்.

"அக்கா!" என்றான் கந்தவேல். முதல் தடவை குரல் எழும்பவே இல்லை. தேவசேனா சொல்லிக்கொடுத்தபடி முழங்கால் நகர்ந்தது, கியர் விழுந்தது, வண்டி ஏறியது. பூம்பாறை தாண்டுவதற்குள் அவன் 'அ' என்பதற்கு முன்பே முழங்கால் நகரத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் குப்பம்மாளை இறக்கிவிட்ட பிறகு கந்தவேல் தங்கையிடம் வந்தான். "நான் ஒன் சோலியக் கெடுத்துட்டேனா புள்ள?"

"இல்லண்ணே. கெட்டுக் கெடந்தத நீதான் சரி பண்ணுன. ஆனா இனிமே எம் பலகைய எரிச்சே, தெரியும்."

அவன் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி முக்காட்டைப் பிழிந்தாள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. டேல் தானாகவே அகலத்தை விட்டுக்கொடுத்தார். கூக்கால் தெருவையும் சுரண்டிய சுவரையும் அளந்து எழுதியிருந்த தாளை நீட்டி, "அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூட வாதாடியிருப்பேன். கும்பிட்டுவிட்டார்" என்றாராம். ஊல்ரிக்கே நீள சீட்டுக்கும் மூன்றாவது பெல்ட்டுக்கும் கையெழுத்துப் போட்டாள். கியர் டேஷ்போர்டுக்கு ஏறியது. ஏறின மறுநாளே, அது யாருடைய யோசனை என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. தங்கள் தாத்தா காலத்து வண்டிகளில் கியர் ஸ்டீயரிங்கிலேயே இருந்தது என்றது அமெரிக்கா. டேஷ்போர்டில் கியர் வைத்துச் சின்ன வேன் விற்றது ஐரோப்பாதான் என்றது ஜெர்மனி. தேவசேனா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினாள். நடுவில் உட்காருவது அவளுக்குப் பழகிய விஷயம்.

அடுத்த வருஷம் பூண்டு அறுப்பு முடிந்த சமயத்தில் மாதிரி வண்டி கூக்காலுக்கு வந்தது. உருவம் வெளியே தெரியக்கூடாதென்று உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடாக ஒட்டியிருந்தார்கள். "இதென்ன, யாரோ கோலத்த அழிச்சு விட்ட மாதிரி இருக்கு?" என்றாள் இந்து, தேவசேனாவின் காதுக்குள் மட்டும்.

ஏரிக்கரை மண் ரோட்டில் கந்தவேலை ஓட்டச் சொன்னார்கள். நடுவில் ஊல்ரிக்கே, பெல்ட்டு போட்டுக்கொண்டு. ஓரத்தில் குப்பம்மாள், கால் சுகமாகி, பெல்ட்டைச் சந்தேகமாகத் தடவியபடி. தேவசேனா பின்னால் ஏறி நின்றுகொண்டாள், இந்தத் தடவை கோபத்தில் இல்லை. டேல் கரையில் நோட்டோடு நின்றார்.

ஏற்றம் வந்தது. "அக்கா!" என்று சத்தம் கொடுத்தான் கந்தவேல். ஊல்ரிக்கே முழங்காலைப் பளிச்சென்று நகர்த்தினாள். அவன் கை மேலே டேஷ்போர்டில் இருந்த கியருக்குப் போனது. இரண்டு பேரும் காலியாகக் கிடந்த தரையைக் குனிந்து பார்த்தார்கள். குப்பம்மாள் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

திரும்பி வந்து வண்டி நின்றதும் ஊர் கூடிவிட்டது. ஊல்ரிக்கே இறங்கி, மனப்பாடம் செய்து வந்த தமிழில் கேட்டாள். "தம்பி, எப்படி இருக்கு?"

என்ன பதில் வரும் என்று தேவசேனாவுக்குத் தெரியும். இது நல்ல வண்டிதான், ஆனால் 'நல்லா இருக்குங்க' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒரு திருகாணியைக்கூடத் திருத்த முடியாது. அந்தச் சொல் வந்தால், இவ்வளவுக்கும் பிறகு இவர்கள் இன்னும் விருந்தாளிகள்தான்.

"நல்லா இருக்கு..." என்று ஆரம்பித்த கந்தவேல் நிறுத்தினான். ஊல்ரிக்கேயைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பின்கழுத்தைச் சொறிந்தான்.

"அக்கான்னு கூப்பிட்டாச்சு. இனிமே பொய் சொன்னா நல்லா இருக்காது" என்றான். "நடுச் சீட்டு வழுக்குது. எறக்கத்துல ஆளு முன்னால சறுக்குவாங்க. அதுக்கு நம்ம பலகை எவ்வளவோ தேவல. சக்கரத்துக்கு வைக்கிற கல்லுக்கு எடமே குடுக்கல. இந்தக் கதவு சாத்துற சத்தம் இருக்கே, தகர டப்பா தோத்துச்சு. இதையெல்லாம் யாரு பாத்துச் செஞ்சது?"

தேவசேனா மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து வார்த்தை தடுமாறியது. இரண்டு வருஷக் கூட்டங்களில் கிடைக்காத சந்தோஷம் அண்ணனின் அந்தத் திட்டில் கிடைத்தது.

"பெல்ட்டு கழுத்த அறுக்குது தாயி, குட்டையானவ நான் என்ன செய்ய?" என்றாள் குப்பம்மாள். "படி ஒசரம், சேலை கட்டிக்கிட்டு எப்பிடி ஏறுறது?" என்றாள் இந்து, இப்போது எல்லோருக்கும் கேட்க. சுவர் சுரண்டப்பட்ட வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, டேலின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, போன வருஷச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். டேல் புதுத் தாள் திருப்பினார். ஊல்ரிக்கே வண்டியின் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

'நல்லா இருக்குங்க' என்று அதற்குப் பிறகு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.